சிறுமலை நீலம்

அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதியிருக்கிறேன் என்று தெரிந்தால், “என்ன கலர் மையில எழுதுன?” என்றுதான் முதலில் கேட்பாள். கறுப்பு என்றால் முகம் சுண்டிப்போகும். எதற்கு வம்பு.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சின்ன காம்ப்ளெக்ஸ். அதில் என்னுடையது ஜெராக்ஸ் கடை. ஒட்டினாற்போல் பக்கத்தில் மேட்சிங் சென்டர். சேலையைக் கொண்டுபோய்க் காட்டினால் அதற்குப் பொருத்தமான ஜாக்கெட் பிட், உள்பாவாடை, ஃபால்ஸ், நூல்கண்டு எல்லாம் எடுத்துக் கொடுப்பார்கள். எடுத்துக் கொடுப்பவள் அக்கா. ஐம்பதைத் தாண்டியவள். கடை முதலாளியும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவளைவிட மூத்த பாட்டிமார்கள்கூட அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளும் கூச்சமில்லாமல் என்னம்மா என்று திரும்புவாள்.

என் கடையில் இருந்தது இரண்டே நிறம். வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து. அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. நான் உடுத்துவதும் அப்படித்தான். சாம்பல், பழுப்பு, காப்பிக்கொட்டை. டோனர் பொடி நாள் முழுக்கக் கையிலும் துணியிலும் ஒட்டுகிற வேலைக்கு வேறு எதை உடுத்துவது? கடை போட்ட முதல் நாள் அக்கா வாசலில் வந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். “ஏ புள்ள, நீ கடைக்குள்ள இருக்கியா, இல்ல சுவத்தோட சுவரா இருக்கியான்னே தெரியல” என்றாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பேசாமல் இருக்கிறேன் என்பதையே அவள் கவனிக்கவில்லை என்பதுதான் அதைவிடக் கொடுமை.

காலையில் கடை திறந்ததும் முதலாளி ஊதுபத்தி கொளுத்துவார். அக்கா அலமாரிகளை ஒரு நோட்டம் விட்டு, அன்றைக்கு என்று ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுப்பாள். அந்தத் துணிக்கட்டு அன்று முழுவதும் மேஜையின் முன்னால் உட்கார்ந்திருக்கும். ஏன் இன்றைக்கு ஆரஞ்சு என்று கேட்டால் காரணம் தயாராக இருக்கும்.

“பஸ்ல வாரேன், முன்னால ஒரு வேன் பூரா செவ்வந்தி மூட்டை. நிலக்கோட்டை வண்டி. ஒரு மூட்டை அவுந்து ரோட்டுல சிந்திக்கிட்டே போகுது புள்ள. எங்க டிரைவர் ஒரு பூ மேலயும் ஏத்தல. வளைச்சு வளைச்சு ஓட்டுறான். அம்புட்டு அழகு.”

டிரைவர் ரோட்டுக் குழிகளுக்குத்தான் வளைத்திருப்பார்.

அந்தத் துணியின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கத்தரித்துக் கொண்டுவந்து என் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போவாள். தினம் ஒரு துண்டு. நான் அதை எடுத்து மெஷினின் கண்ணாடியைத் துடைப்பேன். ஒருநாள் பார்த்துவிட்டாள். “அது பாக்குறதுக்குக் குடுத்தது” என்றாள். சண்டை போடவில்லை. மறுநாள் ஒரு மாம்பழ மஞ்சள் துண்டும், கூடவே ஒரு பெரிய வெள்ளைத் துணியும் வந்தன. “இது துடைக்கிறதுக்கு. மாத்திப்புடாத” என்றாள். அதற்குப் பிறகு அந்தத் துண்டுகளை நான் தாள் வந்த காலிப் பெட்டி ஒன்றில் போட்டு வைக்க ஆரம்பித்தேன். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

துணிக் கம்பெனிகள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண் கொடுத்திருக்கும். அக்கா அந்த எண்களைத் தொடவே மாட்டாள். கொய்யா உள்சிவப்பு, நாவப்பழக் கறை, பன்னீர் திராட்சை, வேப்பங்கொழுந்து, பழுக்க இன்னும் ரெண்டு நாள் இருக்கிற தக்காளி என்று அவளுக்குத் தனிப் பட்டியல் இருந்தது. மற்ற கடைகளில் சேலையையும் பிட்டையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்துப் பார்ப்பார்கள். அக்காவுக்கு வெயில் தேவையில்லை. மங்கலான டியூப்லைட் வெளிச்சத்தில் சேலையை ஒரு முறை பார்ப்பாள். திரும்பி அலமாரியில் கையை விடுவாள். வந்த துணி சேலையோடு அப்படியே பொருந்தி நிற்கும்.

ஆனால் மேட்சிங் கேட்டு வருகிறவர்களுக்கு மேட்சிங் கொடுக்க அவளுக்கு மனசு வராது. ஒருமுறை ஒரு டீச்சர் பழுப்புச் சேலைக்கு அதே பழுப்பில் ஜாக்கெட் பிட் கேட்டார். அக்கா எடுத்துப் போட்டது கிளிப்பச்சை.

“நான் கேட்டது இதே கலரும்மா.”

“இருக்கு டீச்சர், தாரேன். ஆனா செத்த நேரம் இதை வச்சுப் பாருங்க. மண்ணுக்கு மண்ணே போதும்னா அதுல செடி எதுக்கு மொளைக்குது?”

டீச்சர் சிரித்துவிட்டார். பச்சையோடு போனார். அடுத்த மாதம் நான்கு டீச்சர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா என் கடைக்கு வந்துவிடுவாள். என்னிடம் மின்விசிறி இருந்தது, அவளிடம் வெஞ்சனம் இருந்தது. வெள்ளைச் சோற்றுக்குப் பக்கத்தில் பீட்ரூட், அதற்கு எதிரில் பீன்ஸ், ஓரத்தில் ஒரு காய்ந்த மிளகாய். என் டப்பாவைத் திறந்தால் தினமும் புளிக்குழம்பும் உருளைக்கிழங்கும்தான். “ஒன் சோத்தையும் ஜெராக்ஸ் போட்டா கொண்டாற?” என்பாள். சொல்லிக்கொண்டே பீட்ரூட்டில் பாதி என் பக்கம் வரும்.

சின்னாளபட்டியில் அவள் வீடு. கட்டுவதெல்லாம் சுங்குடிச் சேலை. வெங்காயச் சருகில் வெள்ளைப் புள்ளி, மயில்கழுத்தில் மஞ்சள் புள்ளி. அவள் வீட்டுக்காரர் நூல் மில்லில் வேலை பார்த்தார், எப்போதும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. “வீட்டுல ஒருத்தராச்சும் வெள்ளையா இருந்தாத்தானே மத்த கலரெல்லாம் எடுப்பாத் தெரியும்” என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தாள். வசதி பெரிதாக ஒன்றும் இல்லை. முழங்கால் வலி இருந்தது. மகளை ஒட்டன்சத்திரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு அந்தப் பிரிவில் அழுதும் இருக்கிறாள். ஆனாலும் அக்காவைப் போல நாள் தவறாமல் சந்தோஷமாக இருந்த ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. எனக்கு அது பொறாமையாகவே இருந்தது.

அந்த வருஷம் கோடையில் அக்கா துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வர ஆரம்பித்தாள். வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். முதலாளி டியூப்லைட்டை மாற்றிப் போட்டார். அப்போதும் வந்தாள். “இப்ப வர்ற நீலத்துல நீலமே இல்ல புள்ள. கம்பெனிக்காரன் சாயத்தைக் கொறைச்சுட்டான்” என்றாள். நான் தலையாட்டினேன். டோனரில்கூடக் கலப்படம் செய்கிற காலத்தில் சாயத்தில் செய்யமாட்டார்களா? அவள் கட்டுகிற சேலைகளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் போட ஆரம்பித்தன. எதிரில் வந்தால் கண் கூசியது. வயசாக ஆக ஆசை கூடுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்திலேயே இருந்தேன், எனக்கு உறைக்கவில்லை. இதை இன்று எழுதும்போதும் என்மேல் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

ஆடி மாதம் காம்ப்ளெக்ஸ்காரர் அவரவர் கடை முகப்புக்கு அவரவரே பெயிண்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார். என் முகப்பு பூசின நாளிலிருந்து சிமெண்ட் நிறம். அதில் வெள்ளை அடிப்பதாக இருந்தேன். அந்த நேரம் பார்த்து நத்தத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷம், இரண்டு நாள் போக வேண்டியிருந்தது. சாவியை அக்காவிடம் கொடுத்தேன். பெயிண்டர் வந்தால் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

“என்ன கலர் புள்ள?”

“உங்க இஷ்டம்க்கா” என்று சொல்லித் தொலைத்தேன்.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். “மழை பேஞ்சு விட்ட மறுநாக் காலையில சிறுமலை ஒரு நீலமாத் தெரியுமே, பாத்திருக்கியா? பச்சை மலைதான், ஆனா நீலமா நிக்கும். தொட்டா ஈரம் ஒட்டுற மாதிரி. அந்த நீலம் அடிப்போம்.”

திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவள் நான். சிறுமலையை அப்படி நின்று பார்த்ததில்லை. சரி என்றேன்.

திரும்பி வந்தபோது தெருமுனையிலேயே என் கடை தெரிந்தது. ஊதா மை பாட்டிலைச் சுவரில் அடித்து உடைத்த மாதிரி ஒரு நீலம். வெயில் படுகிற இடத்தில் அது சுவராக இல்லை, வெல்டிங் நெருப்பாக இருந்தது. பெயிண்டர் தலையில் கைவைத்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். “நான் சொல்லிப் பாத்துட்டேம்மா. இன்னும் ஊத்து, இன்னும் ஊத்துன்னு சொன்னா நான் என்ன பண்றது? கலர் கலக்குற ஸ்டெய்னர் டப்பா பூராக் காலி. இதுக்கு மேல ஊத்துனா பெயிண்ட்டே இல்ல, மைதான்னேன். கேக்கல” என்றார்.

அக்கா எதிரில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. “வந்துருச்சு புள்ள. அச்சு அசல் சிறுமலை” என்றாள்.

எனக்குப் பொல்லாத கோபம். அவ்வளவு சந்தோஷத்தை எதிரில் வைத்துக்கொண்டு எப்படிக் கத்துவது? “நல்லா இருக்குக்கா” என்றேன். அன்று மாலைக்குள் ஜெராக்ஸ் எடுக்க வருகிற கோச்சிங் கிளாஸ் பிள்ளைகள் என் கடைக்குக் கண்கூசிக் கடை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆவணி பிறந்ததும் கடைத்தெருவில் கல்யாணக் கூட்டம். ஒருநாள் மத்தியானம் மேட்சிங் சென்டரில் ஒரே சத்தம். ஓடினேன். எரியோட்டிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். கையில் தைத்து முடித்த ஜாக்கெட். மகளின் நிச்சயதார்த்தச் சேலை கருநீலப் பட்டு. அதற்கு அக்கா எடுத்துக் கொடுத்த பிட்டை, பேப்பரில் சுற்றினது சுற்றினபடி தையல்காரரிடம் கொடுத்திருக்கிறார். அக்கா கொடுத்த துணியைப் பிரித்துப் பார்க்கிற வழக்கம் யாருக்கும் இல்லை. தையல்காரரும் பொருந்துகிற கலரைத்தானே கொடுப்பார்கள் என்று தைத்துவிட்டார். ஜாக்கெட் நல்ல கறுப்பு.

“ஏம்மா, கல்யாணப் பொண்ணுக்குக் கறுப்பா குடுப்பீக? மாப்பிள்ளை வீட்டுக்காரக பாத்தா என்ன சொல்லுவாக? நாளை மறுநா நிச்சயம். ஒங்கள நம்பித்தானே வந்தேன்” என்று அந்த அம்மா அழாத குறையாகக் கேட்டார்.

“கறுப்பு இல்லம்மா. கருநீலம். இந்தா பாருங்க” என்று அக்கா ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வெயிலில் பிடித்தாள். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், தள்ளி வைத்தாள். முதலாளி மெதுவாக, “கறுப்புதான்க்கா” என்றார். அக்கா அவரை நம்பவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடினாள். “நீ சொல்லு புள்ள.”

பொய் சொல்ல ஒரு நொடி நினைத்தேன். ஆனால் கறுப்பைப் பற்றி என்னிடம் கேட்டால் நான் என்ன செய்வேன்? தினமும் கையில் ஒட்டுகிற நிறம் அது. “கறுப்புதான்க்கா” என்றேன். அக்கா ஜாக்கெட்டை நான்காக மடித்தாள். “தப்பு என்னுதுதாம்மா. இப்பவே மாத்தித் தாரேன்” என்று அந்த அம்மாவிடம் சொன்னாள்.

பிறகு என் கையைப் பிடித்து அலமாரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இருட்டு நிறங்கள் இருந்த அடுக்கை மொத்தமாகக் கீழே இறக்கினாள். “எது கறுப்புன்னு நீ ஒதுக்கு. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்” என்று மெதுவாகச் சொன்னாள். நான் கறுப்பை ஒதுக்கினேன். மீதியை ஒவ்வொன்றாகச் சேலை மேல் வைத்து என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டிய துணியை வெட்டிக் கொடுத்தாள். எங்கள் காம்ப்ளெக்ஸ் மாடியில் இருந்த தையல்காரர் சாயங்காலத்துக்குள் தைத்துத் தருவதாகச் சொன்னார். எரியோட்டு அம்மா முறைத்துக்கொண்டே பெஞ்சில் காத்திருந்து வாங்கிப் போனார்.

மறுநாள் முதலாளி அக்காவைத் துணிப் பக்கத்திலிருந்து மாற்றினார். கெட்ட மனுஷர் இல்லை. “கொஞ்ச நாளைக்கு ஊக்கு, நாடா பக்கம் பாத்துக்கோங்கக்கா” என்று தரையைப் பார்த்துத்தான் சொன்னார். ஊக்கு வெள்ளி நிறம், நாடா வெள்ளை. அக்கா அங்கே போய் உட்கார்ந்தாள். நாலு நாள் என் மெஷின் மேல் துண்டு எதுவும் வரவில்லை. ஐந்தாவது நாள் எனக்குத் தாங்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கடையைப் பாதி சாத்திவிட்டு, “என்னக்கா மறைக்கிறீங்க?” என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

போன வருஷமே ஒரு கண் முகாமில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கண்ணிலும் புரை; அது நிறங்களை மங்கடிக்கும், முதலில் நீலத்தை. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும். அக்கா யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடம்கூட.

“பயமா?”

“கத்திக்குப் பயமில்ல புள்ள.” டப்பாவை மூடினாள். “கண்ணுக்குள்ள இருக்கிறதை எடுத்துட்டு வேற கண்ணாடி வைப்பாகளாம்ல. வேற கண்ணாடி வச்சா வேற கலர்தானே தெரியும்? நான் இம்புட்டு நாளாப் பாத்த பச்சை, பாத்த செவப்பு, அதெல்லாம் எங்க போகும்? எனக்கு வேற என்ன இருக்கு சொல்லு.”

ஆறுதலாகப் பேச எனக்கு என்றைக்கும் வந்ததில்லை. “இப்ப மட்டும் எங்க இருக்காம்? கறுப்பையும் நீலத்தையும் போட்டுக் குழப்பிக்கிட்டு ஊக்கு வித்துக்கிட்டு இருக்கீங்க” என்றேன். சொன்ன வார்த்தையைத் திரும்ப அள்ள முடியாது. அக்கா டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

இரண்டு நாள் அவள் என் பக்கம் திரும்பவில்லை. இந்த முறை அவள் பேசாமல் இருப்பதை நான் நன்றாகவே கவனித்தேன். மூன்றாம் நாள் காலை மெஷின் மேல் ஒரு துண்டு இருந்தது. மஞ்சள். அக்கா வாசலில் நின்றாள்.

“என்னைக்குப் போறோம்?”

நான்தான் கூட்டிப்போனேன். முதலில் வலது கண். மறுநாள் கட்டைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்றேன். நர்ஸ் பஞ்சை எடுத்ததும் அக்கா குனிந்து முதலில் பார்த்தது தன் சேலையைத்தான். பார்த்த மாத்திரத்தில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“ஆத்தி! இதைக் கட்டிக்கிட்டா நான் பஸ்ல வந்தேன்?”

வார்டே சிரித்தது. அது பளீரென்ற ஒரு ரோஸ். அவள் அதை அடக்கமான நிறம் என்று நினைத்து ஆஸ்பத்திரிக்கு என்றே எடுத்துக் கட்டியிருந்தாள். அதன் பிறகு ஒரு மணி நேரம் அக்காவை உட்காரவைக்க முடியவில்லை. ஜன்னல் திரை, நர்ஸ் கையிலிருந்த மருந்துச் சீட்டு, பக்கத்துக் கட்டில் பாட்டியின் கண்ணாடி வளையல் என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தாள். “போகல புள்ள, எல்லாம் இங்கதான் இருக்கு. நான்தான் எங்கயோ போயிருந்தேன்” என்று என் கையை அழுத்தினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. கண்ணுக்குப் போடக் கறுப்புக் கண்ணாடி கொடுத்தபோதுதான் முகம் வாடியது. பச்சையில் இல்லையா என்று நர்ஸிடம் கேட்டாள்.

ஒரு வாரம் கழித்துக் கடைத்தெருவுக்கு வந்தாள். என் கடைக்கு எதிரில் ஆட்டோவிலிருந்து இறங்கினவள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி நிமிர்ந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

“யாரு புள்ள இந்தக் கொடுமையப் பண்ணுனது?”

“நீங்கதான்க்கா.”

“நானா?” ஒரு கண்ணை மூடினாள், திறந்தாள். அடுத்த கண்ணை மூடினாள். பிறகு நடைபாதையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் உட்கார்ந்து சிரித்தேன். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த கோபம் அப்படித்தான் தீர்ந்தது. நாளைக்கே வெள்ளை அடித்துவிடச் சொன்னாள். மாட்டேன் என்றேன். கண்கூசிக் கடை என்று கேட்டு தள்ளியிருக்கிற அகரத்திலிருந்துகூட ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

இடது கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் அக்கா மேட்சிங் சென்டரிலிருந்து நூல்கண்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நீல நூல் மட்டும் மூன்று பெட்டி. நடைபாதையில் ஸ்டூல் போட்டு என் சுவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“என்னக்கா பண்றீங்க?”

“இந்தப் பழைய கண்ணுக்கு மட்டும் உன் சுவரு இன்னும் சிறுமலையாத்தான் இருக்கு புள்ள. நாளைக்கு இந்தக் கண்ணும் போயிருச்சுன்னா அப்புறம் யாருக்குத் தெரியும் நான் என்ன அடிச்சேன்னு? நீ கூட நான் கிறுக்குத்தனமா எதையோ ஊத்துனேன்னுதானே நெனைப்ப.”

வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பழைய கண்ணால் சுவரைப் பார்த்தாள். பிறகு கையை மாற்றி, புதுக் கண்ணால் நூல்கண்டைப் பார்த்தாள். மறுபடி சுவர். மறுபடி நூல். ஒவ்வொரு கண்டாக எடுத்துப் பார்த்து ஒதுக்கினாள். போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு ஜெராக்ஸுக்கு ஆள் நின்றது. நான் போகவில்லை. சாயங்கால வெளிச்சம் மங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று அவளைவிட எனக்குப் பதற்றமாக இருந்தது.

கடைசிப் பெட்டியில் பாதிக்கு மேல் போன பிறகு ஒரு கண்டில் நின்றாள். கையை மாற்றினாள். இன்னொரு முறை மாற்றினாள். “இந்தா. நான் அடிச்சது இது” என்று என் கையில் வைத்தாள்.

கண்ணைப் பறிக்கிற நிறம் இல்லை அது. சாம்பலும் பச்சையும் உள்ளே எங்கோ கலந்த, ஈரமான ஒரு நீலம். என் சாம்பல் நிறச் சுடிதார் மேல் வைத்துப் பார்த்தேன். பழைய சுடிதாரே அழகாகிவிட்டது.

மறுநாள் இடது கண்ணும் முடிந்தது. அதோடு அந்தச் சுவரை அப்படிப் பார்க்கிற கண் உலகத்தில் யாருக்கும் இல்லாமல் போயிற்று. அக்கா வருத்தப்படவில்லை. பார்க்க ஏகப்பட்டது இருந்தது அவளுக்கு. கார்த்திகையில் எரியோட்டு அம்மா கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தார். “அந்தக் கறுப்புக்கார அக்கா இல்லையா?” என்று கேட்டார். முதலாளி தயங்கினார். “அவுகளையே கூப்பிடுங்க. அன்னைக்குத் தப்பைத் தப்புன்னு ஒத்துக்கிட்டு, உக்கார வச்சு மாத்திக் குடுத்தாகள்ல” என்றார் அந்த அம்மா. ஊக்குப் பக்கத்திலிருந்து அக்கா எழுந்து வந்தாள். முகூர்த்தச் சேலையை டியூப்லைட்டில் ஒரு முறை பார்த்தாள். திரும்பி அலமாரியில் கையை விட்டாள்.

இப்போது அக்கா ஒட்டன்சத்திரத்தில் மகள் வீட்டுப் பக்கத்தில் இருக்கிறாள். வீட்டுக்காரர் ஓய்வு பெற்றதும் போய்விட்டார்கள். காய்கறி மார்க்கெட்டுக்குத் தினமும் போகிறாளாம், வாங்குவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. பக்கத்துக் கடையில் வேறொரு பெண் துணி எடுத்துக் கொடுக்கிறாள். நல்ல பெண், எண்ணைப் பார்த்து எடுக்கிறாள். என் மெஷின் மேல் துண்டு எதுவும் வருவதில்லை. அந்த நூல்கண்டு மட்டும் ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு இழைகூட நான் எடுத்ததில்லை.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி நல்ல மழை. காலையில் கடை திறந்து கூட்டும்போது என்னவோ தோன்றியது. நூல்கண்டை எடுத்துக்கொண்டு காம்ப்ளெக்ஸ் மொட்டை மாடிக்கு ஏறினேன். ஊர் கழுவி வைத்த மாதிரி இருந்தது. தண்ணீர்த் தொட்டிகளுக்கும் கேபிள் வயர்களுக்கும் அந்தப் பக்கம் சிறுமலை நின்றது. கையை நீட்டி நூல்கண்டை மலைக்கு நேராகப் பிடித்தேன்.

நூல்கண்டு எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

போன் போட்டேன். அந்தப் பக்கம் மார்க்கெட் சத்தம்.

“அக்கா, சரியா இருக்குக்கா.”

“எது புள்ள?”

“சிறுமலை.”

மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு பழைய குரலில் சொன்னாள்.

“பின்ன? மேட்சிங் பாத்தது யாருன்னு நெனைச்ச? அது கெடக்கட்டும், இன்னைக்கு என்ன கலர் கட்டியிருக்க?”

குனிந்து பார்த்தேன். பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“மஞ்சள்க்கா” என்றேன்.